பிளஸ் டூவில் விடுப்பு கூடிவிட்டால்: பள்ளியிலேயே தொடர்வதா, தனித்தேர்வா, பாலிடெக்னிக்கா?

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் பிளஸ் டூ வகுப்பாசிரியர்களைத் தேடிப் பெற்றோர் வருவது எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வழக்கம். பாலக்கோடாக இருந்தாலும் சரி, அஞ்செட்டியாக இருந்தாலும் சரி, கேள்வி ஒன்றுதான். "சார், பையன் நெறைய நாள் லீவு போட்டுட்டான். இனிமே காலேஜ்ல சேத்துக்குவாங்களா? பேசாம டிசி வாங்கிட்டுப் பிரைவேட்டா எழுத வெச்சிடலாமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசி வாங்காதீர்கள். விடுப்பால் போகும் மதிப்பெண்ணைவிட, அவசரப்பட்டு வாங்கும் டிசியால் போவது அதிகம். ஏன் அப்படி என்பதையும், எந்த நிலையில் இந்தப் பதில் மாறும் என்பதையும் விரிவாகச் சொல்கிறேன்.

கல்லூரி எதைப் பார்க்கிறது?

பொறியியல் கலந்தாய்வில் கணிதம் நூறுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு என்று கணக்கிட்டு 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான பட்டப் படிப்புகளுக்கு மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களைக் கூட்டி 400-க்குத் தரவரிசை. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண். இவை எதிலும் "எத்தனை நாள் பள்ளிக்கு வந்தாய்" என்ற கட்டம் கிடையாது. மதிப்பெண் சான்றிதழிலும் வருகை சதவீதம் அச்சாவதில்லை. டிசியில் சேர்ந்த நாள், விலகிய நாள், நடத்தை எல்லாம் இருக்கும். விடுப்பு எடுத்த நாட்களின் எண்ணிக்கை இருக்காது.

ஆகவே, "லீவு போட்டதால் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள்" என்ற பயம் அப்படியே சரியில்லை. ஆனால் விடுப்பு வேறு வழிகளில் உள்ளே வந்துவிடுகிறது.

ஒன்று, பொதுத்தேர்வு எழுதும் தகுதி. 75 சதவீத வருகை வேண்டும் என்பது விதி. உடல்நலக் காரணத்தால் குறைந்திருந்தால் மருத்துவச் சான்று வைத்துத் தலைமை ஆசிரியர் வழியாக விலக்குக் கேட்க இடம் உண்டு. இந்த விதி எல்லாப் பள்ளியிலும் ஒரே கண்டிப்போடு நடப்பதில்லை என்று பெற்றோருக்குத் தெரியும். அதனாலேயே பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று மாநிலம் முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. அதன் பிறகு வருகை பற்றிய பேச்சும் கண்காணிப்பும் கூடியிருக்கின்றன. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையனை விட்டார்களே என்று இந்த வருஷம் நம்பி உட்காரக் கூடாது.

இரண்டாவது, அகமதிப்பீடு. இதைப் பெற்றோரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒவ்வொரு பாடத்திலும் 10 மதிப்பெண் பள்ளியின் கையில் இருக்கிறது. அதில் 2 மதிப்பெண் வருகைக்கு. 80 சதவீதத்துக்கு மேல் வந்திருந்தால் 2, 75 முதல் 80 வரை என்றால் 1, அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. பள்ளியில் வைக்கும் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவுக்கோ செயல்திட்டத்துக்கோ 2, பாடத்துக்கு வெளியே உள்ள செயல்பாடுகளுக்கு 2. தேர்வன்று பிள்ளை பள்ளியில் இல்லை என்றால் அந்த 4 மதிப்பெண்ணும் ஆட்டம் காணும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வருகைக்கான 2 மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பாடத்துக்கும் சேர்த்து 600-க்கு 12 போகிறது. பொறியியல் கட்-ஆஃபில் கணிதத்தில் 2, இயற்பியலில் 1, வேதியியலில் 1, ஆக மொத்தம் 4. கட்-ஆஃபில் 4 என்பது சின்ன விஷயமே இல்லை. அரை மதிப்பெண் வித்தியாசத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் முன்னே பின்னே நிற்கும் வரிசை அது. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ, தர்மபுரி செட்டிக்கரையில் இருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ கிடைக்க வேண்டிய இடம் அந்த நாலு மதிப்பெண்ணில் நழுவலாம். அப்புறம் ஊரைவிட்டு, கட்டணம் கட்டி, தனியார் கல்லூரியில் படிக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கு மிகப் பெரியது: "6 முதல் 12 வரை அரசுப் பள்ளி" என்ற அந்த ஒரு சான்று. 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. இந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் உயர்கல்வி படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் வந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை, பிள்ளை அரசுப் பள்ளியில் (மாத உதவித்தொகைக்கு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலும்) படித்தது என்பதற்குப் பள்ளி தரும் சான்று. பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பள்ளியிலும் படிக்காமல் தனித்தேர்வராக எழுதிய பிள்ளைக்கு அந்தச் சான்றை எந்தத் தலைமை ஆசிரியர் தருவார்?

ஆறாம் வகுப்பிலிருந்து சேர்த்து வைத்த உரிமை அது. கடைசி ஆண்டின் கடைசி மூன்று மாதத்தில் அதைக் கைநழுவ விடுவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

பதிவேட்டை வைத்து ஒரு கணக்கு

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். "நெறைய நாள்" என்பது கணக்கு ஆகாது. வகுப்பாசிரியரிடம் போய் எண்ணைக் கேளுங்கள். காலையும் மாலையும் தனித்தனியாக வருகை போடுகிறார்கள் என்பதால் அரை நாள் விடுப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். மதியச் சோற்றுக்குப் பின் கிளம்பிவிடும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இந்த அரை நாள்களே கூடி மாதக் கணக்கில் வந்து நிற்கும்.

டிசம்பர் வரை 130 வேலை நாள், ஜனவரி முதல் தேர்வுக்கு முன்புவரை இன்னும் 45 நாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 175. (உங்கள் பள்ளியின் எண் சற்று மாறலாம், அதைப் போட்டுக் கணக்கிடுங்கள்.)

டிசம்பருக்குள் 30 நாள் வராத பிள்ளை மிச்ச 45 நாளும் வந்தால் 145 நாள் ஆகிறது. ஏறக்குறைய 83 சதவீதம். வருகை மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும். ஒரு பாதிப்பும் இல்லை.

40 நாள் வராத பிள்ளை மிச்சத்தை முழுதாக வந்தால் 135 நாள், 77 சதவீதம். தேர்வு எழுதலாம், பாடத்துக்கு ஒரு மதிப்பெண் மட்டும் குறையும்.

50 நாள் வராத பிள்ளைக்கு 125 நாள், 71 சதவீதம்தான் தேறும். 75-ஐத் தொட ஆறேழு நாள் குறைகிறது. இங்கேதான் மருத்துவச் சான்றும் தலைமை ஆசிரியரின் மனசும் வேலைக்கு வருகின்றன.

கவனித்துப் பாருங்கள். டிசம்பரில் "முடிஞ்சு போச்சு" என்று தோன்றுகிற பிள்ளைகளில் பலர் ஜனவரியிலிருந்து ஒழுங்காக வந்தாலே கரை சேர்ந்துவிடுவார்கள். பெற்றோர் டிசி கேட்க வருவதோ சரியாக அந்த ஜனவரியில்.

ஏன் வரவில்லை என்பதைப் பொறுத்துத்தான் வழி

எந்த வழி சரி என்பது காரணத்தைக் கேட்காமல் தெரியாது. இங்கே காரணங்களும் ஊருக்கு ஊர் வேறு.

பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் அப்பா அம்மா இருவரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். சென்டரிங், கம்பி கட்டுதல், சித்தாள் வேலை என்று மாதக்கணக்கில் அங்கேயே. வீட்டில் பாட்டியும் ஆடுமாடும் பிள்ளைகளும். பாட்டிக்கு முடியவில்லை என்றால் பெரிய பிள்ளைதான் பள்ளியை விட வேண்டும். லீவு விட்டால் பையனும் பெங்களூருக்குப் போகிறான். அங்கே மேஸ்திரி கையில் கொடுக்கும் நாள்கூலியைப் பார்த்த பிறகு திங்கட்கிழமை வகுப்பு கசக்கிறது.

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்தில் தக்காளி. விலை ஏறிய வாரத்தில் விடியற்காலை பறித்து, கிரேட் அடுக்கி, மண்டிக்கு வண்டி ஏற்றிவிட்டு வரும் பிள்ளைக்கு முதல் இரண்டு பீரியடு போய்விடும். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கத்தில் மாங்காய். சீசன் கோடை விடுமுறையோடு முடியாமல் ஜூன், ஜூலைவரை இழுக்கும். கல்வியாண்டின் முதல் மாதமே அங்கே ஓட்டையாகத் தொடங்குகிறது.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பக்கம் வேறு கதை. ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டம் இறங்கும். விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் காட்டுப் பாதையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போக எந்தத் தாய் அனுப்புவாள்? காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த நாள் முழுக்கப் போயிற்று. இந்தப் பிள்ளைகளை "ஒழுங்காக வருவதில்லை" என்று திட்டுவதில் நியாயம் இல்லை. இவர்களுக்கு விடை விடுதிதான். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி, ஆதிதிராவிடர் நல விடுதி, மலைவாழ் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளி என்று இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே விடுதிக்கும் எழுதிப் போட்டால் பன்னிரண்டில் இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

பெண் பிள்ளை திடீரென்று வருவதை நிறுத்தினால் நான் முதலில் கேட்பது மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்பதைத்தான். பதினெட்டு வயதுக்குள் கல்யாணம் என்றால் அது வருகைப் பிரச்சினையே கிடையாது. 1098-க்கு அழைக்க வேண்டிய பிரச்சினை. தோழியோ ஆசிரியரோ அக்கம்பக்கத்தாரோ யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

முதல் வழி: அதே பள்ளியில் தொடர்வது

இதன் பெரிய பலம் பலருக்குத் தெரியாத ஒன்று. பிள்ளை பள்ளி மாணவராகத் தேர்வுக்குப் பதிவாகி, செய்முறைத் தேர்வுக்கும் வந்துவிட்டால், மார்ச்சில் ஏதாவது தாளில் தவறினாலும், ஒரு தாளுக்கு வர முடியாமலே போனாலும், ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு எழுதலாம். தேர்ச்சி பெறாதவர்களுக்கும் வருகை புரியாதவர்களுக்கும் அந்தத் தேர்வு திறந்திருக்கிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடம் இருந்தால் அப்போதும் சேரலாம். ஒரு வருஷம் வீணாகாது.

அதனால்தான் சொல்கிறேன்: பிப்ரவரிச் செய்முறைத் தேர்வுக்கு எந்த நிலையிலும் பிள்ளையை அனுப்பிவிடுங்கள். ரெக்கார்டு நோட்டு எழுதவில்லை, வாத்தியார் திட்டுவார் என்ற பயத்தில் செய்முறைக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகள் இருக்கிறார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றிலும் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10, எழுத்துத் தேர்வுக்கு 70. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 35 வேண்டும். எழுத்துத் தேர்வில் குறைந்தது 15. செய்முறையும் அகமதிப்பீடும் கையில் இருந்தால் நிறைய நாள் விடுப்பில் போன பிள்ளைகூட இரண்டு மாத உழைப்பில் தேர்ச்சியைத் தொட்டுவிடும். ரெக்கார்டு எழுதாத பிள்ளையை இரண்டு சனிக்கிழமை உட்காரவைத்து எழுதி வாங்கிவிடலாம். கையெழுத்துப் போடக் கூடாது என்று எந்த ஆசிரியரும் நினைப்பதில்லை.

பலவீனமும் உண்டு. ஆறு மாதப் பாடம் விட்டுப்போனதை இரண்டு மாதத்தில் பிடிக்க முடியாது. தேர்ச்சி வரும், உயர்ந்த கட்-ஆஃப் வராது. மருத்துவமோ பெரிய பொறியியல் கல்லூரியோ கனவு என்றால் இந்த வழி அந்தக் கனவைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தப் பிள்ளைக்கு அடுத்த வழியைப் பார்க்கலாம்.

இரண்டாவது வழி: அதே வகுப்பில் இன்னொரு ஆண்டு

கேட்டதும் முகம் சுளிப்பார்கள். "ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்பது முதல் கேள்வி. ஆனால் நீண்ட நோய், விபத்து, குடும்பத்தில் சாவு என்று பாதி ஆண்டு போன நல்ல படிப்பாளிக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட மேல். பொதுத்தேர்வே எழுதாமல் நின்ற பிள்ளையை அடுத்த ஜூனில் மீண்டும் சேர்த்துக்கொள்ளத் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கேட்கலாம். அறிவியல் பிரிவு அப்படியே இருக்கும். செய்முறை இருக்கும். அரசுப் பள்ளிச் சான்றும் அறுபடாது. இலவச பஸ் பாஸ்கூடத் தொடரும்.

இதில் ஒரு நுணுக்கம். பிள்ளை நெடுநாள் வராவிட்டால் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் பெயரைப் பள்ளிப் பட்டியலிலிருந்து எடுத்துக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே போனதாலேயே படிப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அங்கிருந்து திரும்ப எடுத்துச் சேர்க்கலாம். ஆனால் பெற்றோர் தாங்களாகவே டிசி கேட்டு வாங்கிவிட்டால் அதே பள்ளியில் திரும்பச் சேர்வது வேறு மாதிரி ஆகிவிடும். இடம் இல்லை, பிரிவு நிறைந்துவிட்டது என்ற பதில்கள் வரும். வராமல் இருப்பது வேறு, விலகிக்கொள்வது வேறு. காரணத்தை ஒரு கடிதமாக எழுதி, மருத்துவச் சீட்டின் நகலோடு பள்ளியில் கொடுத்து வைத்தால் ஆறு மாதம் கழித்துப் பேச ஆதாரம் இருக்கும்.

ஒரு ஆண்டு போவதைப் பற்றி: கல்லூரிகள் இடைவெளி ஏன் என்று கேட்கலாம். கலந்தாய்வில் இடைவெளிக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. முதல் பட்டதாரிச் சலுகையும் அதனால் போய்விடாது.

மூன்றாவது வழி: தனித்தேர்வர்

டுட்டோரியல் விளம்பரங்கள் சொல்வதைக் கேட்டால் இதுதான் சுலபம் என்று தோன்றும். வருகை தேவையில்லை, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். இரண்டும் உண்மைதான். விடுபடுவதைத்தான் அவர்கள் சொல்வதில்லை.

பள்ளியில் படித்துத் தவறிய பிள்ளை தனித்தேர்வராக எழுதுவது ஒரு வகை; செய்முறை மதிப்பெண் ஏற்கெனவே இருக்கும். பள்ளியைவிட்டு விலகி நேரடித் தனித்தேர்வராக முதல்முறை எழுதுவது வேறு வகை. இரண்டாம் வகையில் செய்முறை உள்ள பாடங்களை எடுக்க முடியாது. வரலாறு, பொருளியல், வணிகவியல் போன்ற தொகுப்புதான். பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மதிப்பெண் எடுத்து உயிரியல் பிரிவில் சேர்ந்த பிள்ளையை ஜனவரியில் டிசி வாங்கித் தனித்தேர்வுக்கு அனுப்பினால் பி.எஸ்சி. நர்சிங், மருந்தாளுநர், பொறியியல், வேளாண்மை எல்லாம் அன்றோடு மூடுகின்றன. பெற்றோர் நினைப்பது "அதே படிப்பை வீட்டில் இருந்து எழுதுவான்" என்று. அது நடக்காது. மேலே சொன்ன 7.5 சதவீதமும் மாத உதவித்தொகையும் இதோடு சேர்ந்து கேள்விக்குறி ஆகின்றன.

இதெல்லாம் போக, விண்ணப்பிக்கும் வேலையும் உங்கள் தலையில். அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். அறிவிப்பு வந்த நாட்களைத் தவறவிட்டால் தட்கலில் கூடுதல் பணம். அதையும் விட்டால் அடுத்த தேர்வு. பள்ளியில் இருந்தால் இவ்வளவும் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

ஆனாலும் சிலருக்கு இதுதான் சரி. இரண்டு மூன்று வருஷம் முன்பே பள்ளியைவிட்டு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய், இப்போது படிக்க வேண்டும் என்று திரும்பி வரும் பையன். கல்யாணம் ஆகிக் கைக்குழந்தையோடு இருக்கும் பெண். இவர்கள் சீருடை போட்டுத் திரும்ப வகுப்பில் உட்காரப் போவதில்லை. தனித்தேர்வில் தேறி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ., பி.காம். சேர எந்தத் தடையும் இல்லை. தர்மபுரியிலும், கிருஷ்ணகிரியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகவும், ஓசூரிலும், அரூரிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. இவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்: பிளஸ் டூவைத் தாண்டிக் குதித்து, பத்தாம் வகுப்போடு நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்காதீர்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று டி.என்.பி.எஸ்.சி. கேட்கிறது. வரிசை தப்பிய பட்டத்தை வைத்துக்கொண்டு குரூப் தேர்வுகளுக்கு விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

நான்காவது வழி: பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.

புத்தகப் படிப்பே பிடிக்காமல் லீவு போடுகிற பிள்ளைக்கு இதை நான் இரண்டாம்தர வழியாகச் சொல்வதில்லை. ஓசூர் சிப்காட்டைச் சுற்றி வண்டித் தொழிற்சாலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் இருக்கிற மாவட்டத்தில் டிப்ளமோ மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கலுக்கும், ஃபிட்டர், டர்னருக்கும் வேலை வாய்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கில் முதலாமாண்டு சேரப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் போதும். பதினொன்று, பன்னிரண்டில் எடுத்த விடுப்பு அங்கே ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் எப்போது போவது என்பதுதான் விஷயம். பிளஸ் டூ தேறிவிட்டுப் போனால் நேரடியாக இரண்டாமாண்டில் சேரலாம். பாதியில் விட்டுப் போனால் முதலாமாண்டில் சேர்ந்து மூன்று ஆண்டு. அதாவது மார்ச் தேர்வை எப்படியாவது எழுதித் தேறிய பிள்ளை ஒரு ஆண்டை மிச்சம் பிடிக்கிறது. டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாமாண்டில் சேரவும் தனிக் கலந்தாய்வு உண்டு. சுற்று வழிதான், ஆனால் பொறியியல் கனவு அங்கேயும் உயிரோடு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பாலிடெக்னிக்கிலும் வருகை கட்டாயம். பொறியியல் கல்லூரியில் அண்ணா பல்கலைக்கழகம் 75 சதவீதம் கேட்கிறது. 65-க்குக் கீழே போனால் மருத்துவச் சான்றுகூடக் கைகொடுக்காது, அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். காலையில் எழாத பழக்கம்தான் காரணம் என்றால் எந்த வழிக்குப் போனாலும் அது கூடவே வரும்.

ஓசூர் பெற்றோருக்கு

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிப்பவர்களுக்கும் 75 சதவீதம்தான். தகுந்த காரணமும் ஆவணமும் இருந்தால் 60 வரை வாரியம் விலக்குத் தரலாம். நீட், ஜே.இ.இ. பயிற்சிக்காகப் பள்ளியில் பெயரை மட்டும் பதிந்துவிட்டுக் கோச்சிங் சென்டரில் நாள் முழுக்க உட்காரும் ஏற்பாட்டை இப்போது சி.பி.எஸ்.இ. தேடித் தேடிப் பிடிக்கிறது. அதில் மாட்டும் பிள்ளை தேர்வே எழுத முடியாமல் போகலாம். இரண்டு லட்சம் கட்டிச் சேர்த்த கோச்சிங் அப்போது எதற்கு உதவும்?

பெங்களூர்ப் பக்கம் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போல எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைத்துச் சேர்க்கும் இடங்களுக்கு விண்ணப்பிக்கிறவர்கள், "பன்னிரண்டில் ஏன் இடைவெளி" என்ற கேள்விக்குத் தயாராக இருந்தால் போதும். பாட்டியைப் பார்த்துக்கொண்டேன், தக்காளி பறித்தேன், அப்பா பெங்களூரில் சென்டரிங் வேலையில் இருந்தார் என்று நடந்ததை நடந்தபடி சொல்ல எந்தப் பிள்ளையும் வெட்கப்பட வேண்டியதில்லை.

யாருக்கு எது?

மிச்ச நாள் முழுக்க வந்தால் 75-ஐத் தொட முடியும் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், பள்ளியில் தொடருங்கள். ஐந்து முதல் பத்து நாள் குறைந்தாலும் தொடருங்கள், விலக்குக் கேளுங்கள். நோயால் பாதி ஆண்டு போய், பிள்ளைக்குப் பெரிய படிப்பில் ஆசையும் திறமையும் இருந்தால் இன்னொரு ஆண்டு அதே வகுப்பு. இந்த இரண்டாவது முடிவில் பிள்ளையின் சம்மதம் மிக முக்கியம். தன்னைவிட இளையவர்களோடு உட்காரப்போவது அது. வற்புறுத்தி உட்காரவைத்தால் மறுபடி விடுப்பில்தான் முடியும்.

படிப்பில் மனசே இல்லை, கைவேலையில் ஆர்வம் என்றால் மார்ச் தேர்வை எழுதிவிட்டுப் பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ. பள்ளியை விட்டு ஏற்கெனவே வருஷக்கணக்கில் ஆகிவிட்டது என்றால் மட்டும் தனித்தேர்வு.

எதுவும் புரியவில்லை, பிள்ளை தேறியும் எங்கும் சேரவில்லை என்றால் 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ் நடக்கும் 'உயர்வுக்குப் படி' முகாமுக்குப் போங்கள். கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., உதவித்தொகை, வங்கிக்கடன் பற்றி ஒரே இடத்தில் விசாரிக்கலாம். பிளஸ் டூவில் தவறியவர்களையும் அங்கே வரச்சொல்கிறார்கள்.

டிசி வாங்கியே ஆக வேண்டும், குடும்பமே பெங்களூருக்குக் குடிபோகிறது என்று இருந்தால், வாங்கும் முன் தலைமை ஆசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இன்றுவரை பிள்ளையின் வருகை எத்தனை சதவீதம்? பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலில் பெயர் ஏற்றியாகிவிட்டதா? பெயர் இருந்தால், இங்கே விடுதியில் சேர்த்துவிட்டுச் செய்முறைக்கும் தேர்வுக்கும் மட்டுமாவது இருக்கவைக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு "பார்க்கலாம்மா" என்று பதில் வந்தாலே போதும், டிசி விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு விடுதிக் காப்பாளரைப் பார்க்கக் கிளம்பிவிடுங்கள்.